போகும்போது எதை விட்டுச் செல்கிறது? பெரிய நிலக் கம்பெனியை எடைபோட ஒரு முழு வழிகாட்டி

பிஸ்கட் விற்கும் கம்பெனியின் தரத்தைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான ஏக்கரை நூறு வருடமாகக் கையில் வைத்திருக்கும் கம்பெனியை அப்படிப் பார்த்துவிட முடியாது. அதன் கணக்கு ஆற்றுத் தண்ணீரிலும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுச் சுவரிலும், தாலுகா ஆபீஸ் அலமாரியிலும், கோர்ட் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடி எடுத்து ஒன்றாக அடுக்குவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. பத்திரிகையாளர், பங்கு வாங்க நினைப்பவர், மாணவர், எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர் என யாரும் செய்யக்கூடிய வேலை இது. சட்டப் படிப்பு தேவையில்லை. பொறுமை நிறைய வேண்டும்.

உதாரணத்துக்கு மாஞ்சோலையை எடுத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில், மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஐந்து குடியிருப்புகள் இருக்கின்றன. அந்த எஸ்டேட்டை நடத்தியது பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன், பேச்சுவழக்கில் பி.பி.டி.சி. குத்தகை 2028-ல் முடிகிறது. ஒரு நிலக் கம்பெனியை அது வரும்போது எடைபோடுவது கடினம், போகும்போதுதான் எல்லாம் வெளியே தெரியும். நிலத்தையும் மனிதர்களையும் எந்த நிலையில் விட்டுவிட்டுப் போகிறது என்ற கேள்வியை ஒவ்வொரு படியிலும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நிலம் எப்படிக் கைக்கு வந்தது?

கம்பெனியின் இணையதளத்தில் ‘எங்கள் எஸ்டேட்’ என்று போட்டிருக்கும். அந்த ‘எங்கள்’ என்ற சொல்லை முதலில் சோதியுங்கள். பட்டா நிலமா, அரசுக் குத்தகையா, ஜமீன் குத்தகையா, வழக்கில் தொங்கும் நிலமா?

மாஞ்சோலை ஒரு குத்தகை நிலம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. 1948-ல் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1952-ல் சிங்கம்பட்டி ஜமீன் ஒழிந்து நிலம் அரசுக்குப் போனது. ஜமீன் போன பிறகும் குத்தகை மட்டும் அரசின் கீழ் தொடர்ந்தது. 1988-ல் சுற்றியுள்ள காடு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. அந்தப் பகுதியை அரசு 2018-ல் காப்புக்காடாக அறிவித்தது. ஒரே நிலத்துக்கு இத்தனை அடுக்கு. ஓர் அடுக்கை மட்டும் படித்துவிட்டு ‘கம்பெனி நிலம்’ என்றோ ‘ஆக்கிரமிப்பு’ என்றோ எழுதினால் இரண்டுமே தவறாகிவிடும்.

நீலகிரியில் இது இன்னும் சிக்கல். கூடலூரில் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்திடமிருந்து வந்த ஜன்ம நிலங்களுக்காக (பரம்பரை உரிமை நிலங்கள்) 1969-ல் தனிச் சட்டமே போட்டார்கள். அதன் 17-வது பிரிவில் வரும் தோட்ட நிலங்கள் மீதான வழக்குகள் பல பத்தாண்டுகளாக நடக்கின்றன. அங்கே ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் ஆட்டோ ஓட்டுபவருக்கும் புரியும். மூணாறுக்குப் போனால் கதை 1877-ல் பூஞ்ஞாறு அரச குடும்பம் கொடுத்த உரிமைப் பத்திரத்திலிருந்து தொடங்கும். அங்கே 1971-ல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைகள் நிலமீட்புச் சட்டம் கொண்டுவந்தது.

ஆவணங்களை எங்கே தேடுவது? கிராமத்தின் நில விவரம் உள்ள ‘அ’ பதிவேடு, புல வரைபடம் இரண்டையும் அரசின் இணையச் சேவைத் தளத்தில் பார்க்கலாம். பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று கிடைக்கும். பழைய செட்டில்மென்ட் பதிவுகளுக்கும் அரசாணைகளுக்கும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மற்றதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘குத்தகை பற்றிய எல்லா விவரமும் தருக’ என்று கேட்காதீர்கள், பதில் வராது. குத்தகைப் பத்திரத்தின் நகல், கடைசியாக எந்த ஆண்டு எவ்வளவு குத்தகைத் தொகை கட்டப்பட்டது, நிலுவை எவ்வளவு, குத்தகை முடியும்போது நிலத்தை எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்று எந்த ஷரத்து சொல்கிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது.

ஜமீனுக்கும் முன்னால் அந்த மலையில் யார் இருந்தார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். பொதிகை மலைப் பக்கம் காணிக்காரர்கள் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் கையெழுத்திட்டவர் பகுதியில் இருக்காது.

இரண்டாம் படி: கம்பெனியின் பழைய கதையைப் படியுங்கள்

சுருக்கமாகப் படித்தால் போதும், ஆனால் விட்டுவிடாதீர்கள். பி.பி.டி.சி. 1863-ல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கியது. பர்மாவில் தேக்கு வெட்டியது. வெட்டிய மரத்தைக் குறைத்துக் கணக்குக் காட்டியதாக 1885-ல் தீபா மன்னரின் அரசவை அதற்குப் பெரும் அபராதம் விதித்தது. அந்தத் தகராறைக் காரணம் காட்டி ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மாவும் பிரிட்டிஷ் ஆட்சியில் சேர்ந்தது. இன்று கம்பெனி வாடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. 140 வருடத்துக்கு முந்தைய சம்பவத்துக்கு இன்றைய நிர்வாகத்தைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் காட்டு வளத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கும்போது கணக்கைச் சரிபார்ப்பது யார் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. அதே கேள்வியைத்தான் நாமும் கேட்கிறோம்.

மூன்றாம் படி: மண்ணையும் தண்ணீரையும் பாருங்கள்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். கூகுள் எர்த்தில் 1984 முதலான செயற்கைக்கோள் படங்களை வருட வரிசையில் ஓட்டிப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளமும் இருக்கிறது. குத்தகை எல்லையை வரைந்துகொண்டு, அதற்குள் காடு எங்கே சுருங்கியது, எங்கே அப்படியே இருக்கிறது என்று குறியுங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் பச்சைதான். தேயிலையும் பச்சை, யூகலிப்டஸும் பச்சை, சோலைக்காடும் பச்சை. படத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம், நேரில் போய் அது எந்தப் பச்சை என்று உறுதிசெய்ய வேண்டும்.

கேட்க வேண்டியவை பல. தேயிலையைக் காயவைக்க எந்த விறகு, எங்கிருந்து வருகிறது? விறகுக்காக வைத்த யூகலிப்டஸ் எவ்வளவு பரப்பு? ஓடைக் கரைகளில் எத்தனை அடி காடு விட்டிருக்கிறார்கள்? நிழல் மரம் வெட்ட அனுமதி வாங்கினார்களா? தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டமும் தனியார் காடுகளுக்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. வெட்டு அனுமதிகளின் பட்டியலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, செயற்கைக்கோள் படத்தோடு தேதி வாரியாக ஒப்பிடுங்கள். அனுமதி 50 மரத்துக்கும் படத்தில் காணாமல் போனது ஒரு சரிவு முழுவதுமாகவும் இருந்தால் உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்கிறது.

மருந்து பற்றி: டீ போர்டு வெளியிடும் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் தேயிலைக்கு எந்தப் பூச்சிமருந்து, களைக்கொல்லி அனுமதி என்ற பட்டியல் உண்டு. எஸ்டேட் கிடங்கில் இருக்கும் டப்பாக்களின் பெயரை அதோடு ஒப்பிடலாம். மாஞ்சோலைப் பக்கம் ஊத்து எஸ்டேட் ரசாயனம் இல்லாத தேயிலைக்குப் பெயர் வாங்கியது. அதைக் கம்பெனியின் நல்ல கணக்கில் எழுத வேண்டும். ஊத்தும் நாலுமுக்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாநிலத்தின் அதிக மழைப் பட்டியலில் அடிக்கடி வரும் ஊர்கள். அங்கே மண்ணில் போடுவது எதுவானாலும் மணிமுத்தாறு வழியே தாமிரபரணிக்கு இறங்கும். மேலே ரசாயனம் போடாமல் விட்டது கீழே குடிப்பவருக்கும் செய்த நன்மைதான்.

இதில் தவறினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் காசர்கோடு சாட்சி. அங்கே முந்திரித் தோட்டங்களில் பல வருடம் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்தது கேரள அரசின் சொந்தத் தோட்டக் கழகம். 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுக்கத் தடை விதித்தது. தனியார் என்றால் சந்தேகம், அரசு என்றால் நம்பிக்கை என்று ஒரு பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த வேலைக்கு இறங்கும்போது அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

நல்ல உதாரணங்களையும் தேடுங்கள், அப்போதுதான் எது சாத்தியம் என்று தெரியும். வால்பாறையில் தோட்டக் கம்பெனிகளின் நிலத்தில் சிதைந்து கிடந்த மழைக்காட்டுத் துண்டுகளை நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, கம்பெனிகளின் ஒத்துழைப்போடு 20 வருடத்துக்கு மேலாக மீட்டுவருகிறது. நாற்று வளர்த்து, உண்ணிச்செடியைப் பிடுங்கி, அந்த மண்ணுக்குரிய மரங்களையே நடுகிறார்கள். யானை எங்கே நிற்கிறது என்று மக்களுக்குச் செல்போனில் தகவல் அனுப்பும் ஏற்பாடும் அங்கே உண்டு. ஒரு கம்பெனி ‘இதெல்லாம் நடைமுறையில் முடியாது’ என்றால் வால்பாறையைக் காட்டுங்கள்.

நான்காம் படி: லைன் வீட்டிலிருந்து எடைபோடுங்கள்

இங்கேதான் எனக்கு மனம் அதிகம் நிற்கிறது.

1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகள் காப்பகம், பள்ளி என எல்லாவற்றையும் நிர்வாகத்தின் பொறுப்பில் வைத்தது. 2020-ல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. எனவே எந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறீர்களோ அந்தக் காலச் சட்டத்தைப் படியுங்கள். சட்டத்தில் இருப்பதைப் பட்டியலாக்கி, ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் கடினம். பெயர் வேண்டாம், ஒரு மலை எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகம் இருக்கிறது என்று பதிவேடு சொன்னது. கட்டடமும் இருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. பச்சைக்கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர், ‘பிள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு வரேன், அவங்களுக்கும் கண்ணு தெரியாது’ என்றார். இந்த ஒரு வரியை எந்தப் பதிவேட்டிலிருந்தும் எடுக்க முடியாது.

பேசப் போகும்போது சூப்பர்வைசர் இல்லாத நேரம் பாருங்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள், முடிந்தால் பெண் ஒருவரை அழைத்துப் போங்கள். பெயர் போடமாட்டேன் என்று சொன்னால் போடாதீர்கள். ஊரையும் வயதையும் சேர்த்து எழுதினால் பெயரைப் போட்டதுபோல்தான். வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களை விட்டுவிடாதீர்கள். இன்று பல எஸ்டேட்களில் அவர்கள்தான் கொழுந்து பறிக்கிறார்கள். அவர்கள் மொழி தெரிந்தவர் துணைக்கு வேண்டும்.

லைன் எந்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லைன் வீடுகளை மூடியது. 70 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். அந்தத் தோட்டத்தை நடத்தும் கண்ணன் தேவன் கம்பெனியில் 2005 முதல் பெரும்பங்கு ஊழியர்கள் கையில் இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள், நானும் பாராட்டுவேன். ஆனால் 2015-ல் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது தெருவுக்கு வந்தவர்களும் அதே கம்பெனியின் பெண் தொழிலாளர்கள்தான். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளி நிற்கச் சொன்னார்கள். பங்குச் சான்றிதழ் கையில் இருப்பதும் முடிவெடுக்கும் இடத்தில் குரல் இருப்பதும் வேறு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

மாஞ்சோலைக்கு வருவோம். 1999 ஜூலை 23 அன்று தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும் சிறையில் இருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. போலீஸ் தடியடியில் மக்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தை. இதை விசாரித்த நீதிபதி மோகன் ஆணையத்தின் அறிக்கையை மக்கள் அமைப்புகள் ஏற்கவில்லை. இதைக் கம்பெனியின் கணக்கில் எப்படி எழுதுவது? கவனமாக எழுத வேண்டும். தடியடி நடத்தியது போலீஸ், அது அரசின் பொறுப்பு. ஊர்வலம் வரை தீராமல் கிடந்த கூலிப் பிரச்சினை நிர்வாகத்தின் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் கோபம் சரியாக இருக்கும், கணக்கு தவறிவிடும். தவறிய கணக்கை ஒரு வக்கீல் நோட்டீஸ் அடித்துப் போட்டுவிடும்.

அப்புறம் 2024. குத்தகை முடிய நான்கு வருடம் இருக்கும்போதே கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்தது. ஜூனில் வேலை நின்றது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். நான்கைந்து தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்கள், கீழே சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் பலர். எஸ்டேட் வீடு வேலையோடு ஒட்டியது, வேலை போனால் வீடும் போகும்.

எந்தக் கம்பெனி வெளியேறினாலும் இந்த இடத்தில் நான்கு கேள்விகள் அவசியம். முதலாவது, ஓய்வு உண்மையிலேயே விருப்பமா? கையெழுத்து வாங்க எத்தனை நாள் கொடுத்தார்கள், கையெழுத்துப் போடாதவர்களுக்கு என்ன ஆனது? இரண்டாவது, மூடுவதற்குரிய அரசு அனுமதி கேட்கப்பட்டதா? 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டப்படி 100 அல்லது அதற்கு மேல் தொழிலாளர் உள்ள தோட்டத்தை மூட முன்அனுமதி தேவைப்பட்டது. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அதை 300 ஆக உயர்த்தியது. ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓய்வு பெற்றால் அது மூடலா இல்லையா என்பது சட்டத்தில் பெரிய கேள்வி. மூன்றாவது, பணிக்கொடை. வருடத்துக்கு 15 நாள் கூலி, 30 நாளுக்குள் கைக்கு வர வேண்டும். யாருக்கு எப்போது வந்தது என்று தேதி கேளுங்கள். கடைசியாக, அவர்கள் எங்கே குடியிருக்கப் போகிறார்கள், அதற்குக் கம்பெனி என்ன கொடுத்தது, அரசு என்ன கொடுத்தது?

தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தொடங்கிய நிறுவனம் அது என்பதால், அந்தக் கோரிக்கையில் ஒரு நியாயம் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பரில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. புலிக்காடு காடாகத் திரும்புவது நல்லது என்று நான் நம்புகிறேன். அந்த நன்மைக்கான விலையை, நூறு வருடம் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் கட்டுவது நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டையும் ஒரே அறிக்கையில் எழுத இடம் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஆண்டறிக்கையைச் சரியான பக்கத்தில் திறவுங்கள்

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கும். சந்தை மதிப்பில் முதல் 1,000 கம்பெனிகள் 2022-23 முதல் பொறுப்பு, நிலைத்தன்மை பற்றிய தனி அறிக்கையும் தர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான செபியின் விதி. அதில் ஒன்பது கோட்பாடுகள். மூன்றாவதில் தொழிலாளர் நலன், ஐந்தாவதில் குறைந்தபட்சக் கூலி, ஆறாவதில் சுற்றுச்சூழல். சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிக்குள் அல்லது அருகே வேலை நடக்கிறதா என்று ஆறாவதில் ஒரு கேள்வி உண்டு. எஸ்டேட் புலிகள் காப்பகத்துக்குள் இருக்க, அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நேராக அங்கே போய்ப் பாருங்கள்.

ஒரு பொறி: தொகுத்த கணக்கு. பி.பி.டி.சி.யின் துணை நிறுவனங்கள் வழியே பிரிட்டானியா பிஸ்கட் கம்பெனியின் பெரும்பங்கு அதனிடம் இருக்கிறது. குழுமம் முழுவதும் சேர்த்த கணக்கைப் பார்த்தால் பிஸ்கட் வருமானத்தில் தேயிலை கண்ணுக்கே தெரியாது. தனிக் கணக்கைத் திறந்து, அதில் தோட்டப் பிரிவின் வரவையும் செலவையும் மட்டும் எடுங்கள். ‘தோட்டம் நஷ்டத்தில் ஓடுகிறது, அதனால் கொடுக்க முடியவில்லை’ என்று ஒரு நிர்வாகம் சொன்னால், குழுமத்தின் மொத்த வலிமை என்ன என்பதற்கு அப்போது தொகுத்த கணக்கைக் காட்டுங்கள். வழக்கு முடிவைப் பொறுத்து வரக்கூடிய பாக்கிகள் பற்றிய குறிப்பு பின்பக்கங்களில் இருக்கும். குத்தகைத் தகராறு, நிலுவை எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், டிரஸ்ட்டீ போன்ற சான்றிதழ் முத்திரைகள் இருந்தால் ஒரு மதிப்பெண் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தணிக்கை தேதி முன்கூட்டியே தெரிந்ததா, தொழிலாளரை யார் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள் என்று லைனில் விசாரித்தாலே முத்திரையின் எடை புரிந்துவிடும்.

ஆறாம் படி: வழக்குகள்

உயர் நீதிமன்றத் தளத்திலும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்விலும் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பழைய பெயர்களையும் துணை நிறுவனப் பெயர்களையும் சேர்த்துத் தேடுங்கள். மனுவில் சொன்னது குற்றச்சாட்டு, தீர்ப்பில் சொன்னது முடிவு, இடைக்கால உத்தரவு இரண்டும் இல்லை. குறிப்பேட்டில் மூன்றுக்கும் மூன்று நிற மை வைத்துக்கொண்டால் பின்னால் குழப்பம் வராது. ‘தள்ளுபடி’ என்ற ஒரு சொல்லை வைத்து மனுதாரர் பொய் சொன்னார் என்று எழுதிவிடாதீர்கள். மேல்முறையீடு இருக்கிறதா என்று கடைசி நாள்வரை பாருங்கள்.

ஏழாம் படி: எழுதி, கம்பெனிக்கு அனுப்புங்கள்

நூற்றுக்கு இத்தனை என்று ஒற்றை மதிப்பெண் போடாதீர்கள். ஊத்தின் ரசாயனமில்லாத் தேயிலைக்குக் கிடைத்த மதிப்பெண், லைன் வீட்டுக் கூரையின் ஓட்டையை அடைக்காது. நிலம், காடும் நீரும், தொழிலாளர், வெளியேற்றம் என்று நான்கு தலைப்பில் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம், தேதி. யார் செய்தது, கம்பெனியா, அரசா, ஒப்பந்ததாரரா என்று தெளிவு. தவறு நடந்த இடத்தில் பிறகு சரிசெய்தார்களா என்று ஒரு வரி.

பிறகு வரைவைக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பி 15 நாள் கொடுங்கள். பதில் வந்தால் வெட்டாமல் சேருங்கள், வராவிட்டால் அனுப்பிய தேதியை எழுதுங்கள். அதே வரைவைப் பேசிய தொழிலாளர்களிடமும் வாசித்துக் காட்டுங்கள். நான் ஒருமுறை அப்படி வாசித்தபோது, கூலி பற்றி எழுதிய பத்தியில் யாரும் திருத்தம் சொல்லவில்லை. மயானம் பற்றி நான் எழுதவே இல்லை என்றுதான் ஒரு பாட்டி சொன்னார். எஸ்டேட்டைவிட்டுப் போனால் புதைத்த இடத்துக்குத் திரும்ப வர விடுவார்களா என்பது அவர் கேள்வி. அன்று முதல் வெளியேற்றம் என்ற தலைப்பின் கீழ் என் பட்டியலில் மயானத்துக்கும் கோயில் கொடைக்கும் வந்துபோகும் உரிமை என்று ஒரு வரி இருக்கிறது. உங்கள் பட்டியலிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.